மலைக்காற்றுக்கென்றே செய்த சோக் என்று விற்க வந்தால்: 66,000 ரூபாயும் ஒரு துவக்குக் குழலும் போன கதை

வானில் எறியும் களிமண் தட்டுகளைத் துவக்கால் சுட்டு உடைக்கும் பயிற்சியில் ஈடுபட்டிருக்கும் மலையக நண்பர்கள், துவக்கின் முனையில் திருகிப் பொருத்தும் சோக்குகளைப் புதிதாக வாங்கும் எண்ணத்தில் இருந்தால், பணத்தை அனுப்புவதற்கு முன்னர் இதை ஒருமுறை முழுவதுமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பணம் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் இதை எழுதுவதற்கு அதைவிடப் பெரிய காரணம், அந்தச் சோக்குகளில் ஒன்று என் துவக்கின் குழலையே வீங்கச் செய்துவிட்டது என்பதும், அன்று பக்கத்தில் நின்றவர்களுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் அதற்கு நானே பொறுப்பாளியாகியிருப்பேன் என்பதும்தான்.

சோக் என்பது குழலின் வாய்ப்பகுதியில் இருக்கும் சிறிய ஒடுக்கம். சுடும்போது வெளிவரும் ஈயக் குண்டுகள் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை அது தீர்மானிக்கிறது. 12 போர் (bore) எனப்படும் குழல் அளவுள்ள துவக்கில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு ஒடுக்கம் இருந்தால் கால் சோக், 20 இருந்தால் அரை, 30 இருந்தால் முக்கால், 40 இருந்தால் முழுச் சோக் என்பது பிரித்தானிய வழக்கு. மில்லிமீற்றரில் சொன்னால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 0.25. வெறும் கண்ணால் பார்த்துச் சரியாகச் சொல்ல முடியாத இந்த அளவில்தான் இந்த வியாபாரம் முழுவதும் நடக்கிறது. ஏமாற்றுவதற்கு வசதியாக இருப்பதும் இதே நுண்மைதான்.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பொறுப்பில் பல வருடங்கள் வேலை செய்தவன். காட்டுப்பன்றித் தொல்லைக்காக அனுமதிப்பத்திரத்துடன் வீட்டில் இருந்து வந்த துவக்கின் வழியாக இந்தப் பயிற்சிக்கு அறிமுகமாகி, பிறகு மேலும் கீழுமாகக் குழல் அமைந்த ஒரு துவக்கை முறைப்படி வாங்கினேன். அதனுடன் துவக்கு நிறுவனமே செய்த கால் சோக், அரைச் சோக் இரண்டும் வந்தன. நுவரெலியாப் பக்கத்தில் உரிய அனுமதியோடு நடக்கும் பயிற்சியில் 25 தட்டுகளுக்கு 15, 16 என்பதைத் தாண்ட முடியாமல் ஒரு வருடமாக நின்றுகொண்டிருந்தேன். இதை நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி வந்ததால், யாரோ ஒருவர் மூலம் அந்த விற்பனையாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“சேர், நீங்க சுடுறது ஆறாயிரம் அடி உயரத்துல. அங்க காத்து மெல்லிசு. குண்டு எல்லாம் சிதறிப் போகும். கம்பெனி சோக் கடல் மட்டத்துக்குச் செஞ்சது, அது மலைக்குச் சரி வராது” என்று அவர் சொன்னார். தன்னிடம் இருப்பது மலைப்பகுதிக்கென்றே வடிவமைத்து இறக்குமதி செய்த நீண்ட சோக்குகள் என்றும், அவற்றின் பக்கத் துளைகள் பின்னுதைப்பைப் பாதியாகக் குறைக்கும் என்றும், 25க்கு குறைந்தது நான்கு தட்டுகளாவது கூடும் என்றும் உறுதியாகப் பேசினார். கால், அரை, முக்கால் மூன்றும் சேர்த்து 66,000 ரூபாய். வங்கிக் கணக்குக்கு அனுப்பிய மூன்றாம் நாள் பொதி வந்தது; பற்றுச்சீட்டு வரவில்லை.

காற்றைப் பற்றி அவர் சொன்னது தலைகீழான செய்தி என்பதை அன்றே யோசித்திருக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மைதான். ஆனால் குண்டுகளைப் பிரித்துத் தள்ளுவதில் காற்றின் தடைக்கே பெரும் பங்கு இருக்கிறது. தடை குறைந்தால் சிதறலும் சற்றுக் குறையுமே தவிர அதிகரிக்காது. மலையில் சுடுபவருக்கு ஏதாவது மாற்றம் தேவைப்பட்டால் அது ஒரு படி திறந்த சோக்காகத்தான் இருக்க முடியும். அவர் விற்க வந்ததோ இன்னும் ஒடுக்கமானதை. நம் ஊர்க் குளிரையும் மூடுபனியையும் உயரத்தையும் காரணம் காட்டிப் பேசினால் நாம் உடனே நம்பிவிடுவோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அரைச் சோக்கைக் கீழ்க்குழலில் திருகியபோது கடைசிச் சுற்றில் ஓர் இறுக்கம் தெரிந்தது. புதிய திருகு என்பதால் அப்படி இருக்கும் என்று எண்ணி எண்ணெய் தடவிப் பூட்டினேன். அன்று மூன்று சுற்றுகளில் 14, 12, 13. வலமிருந்து இடமாகக் குறுக்கே போகும் தட்டுகள், நன்றாகப் பிடித்துச் சுட்டேன் என்று மனம் சொன்னவைகூட, உடையாமலே போயின. என் தோள் பழக வேண்டும் என்று நினைத்து அடுத்த வாரமும் அதே சோக்குடன் சுட்டேன். பலன் மாறவில்லை.

பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். பெரிய தாள் ஒன்றை நிறுத்தி, 40 யார் தூரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 36.6 மீற்றரிலிருந்து சுட்டு, குண்டுகள் அதிகமாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து எண்ணினேன். நான் பயன்படுத்தும் 28 கிராம் தோட்டாவில் 2.4 மில்லிமீற்றர் குண்டுகள் ஏறத்தாழ 350 இருக்கும். கால் சோக் அவற்றில் பாதிக்குச் சற்று மேலாகவும், அரைச் சோக் 60 வீதமும் அந்த வட்டத்துக்குள் போட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என் பழைய கால் சோக் ஐந்து தாள்களில் சராசரியாக 188 போட்டது. புதிய ‘அரை’ 171. அதற்கும் மேலாக, வட்டத்தின் நடு குறிவைத்த புள்ளியிலிருந்து இரண்டு சாண் வலப்பக்கம் விலகி இருந்தது. பழைய சோக்கை மாட்டியதும் நடு திரும்பவும் புள்ளிக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஹட்டனில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்கு மூன்றையும் எடுத்துச் சென்றேன். உள்விட்ட மானியை விட்டு அளந்த பட்டறைக்காரர் பாஸ் முதலில் ஒன்றும் பேசாமல் மறுபடியும் அளந்தார். என் குழலின் உள்விட்டம் 18.4 மில்லிமீற்றர். ‘கால்’ என்று பொறித்திருந்ததன் வாய் 18.22, ‘அரை’ 18.20, ‘முக்கால்’ 18.10. அதாவது முக்கால் என்று விற்றது காலுக்குச் சற்று மேல். அரை என்று விற்றது கால்கூட இல்லை. அரைக்கும் காலுக்கும் இடையே வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். “ஐயா, இத ரெண்டு தடவ புடிச்சுக் கடைஞ்சிருக்காங்க. உள்ளுக்கும் வெளிக்கும் நடு ஒண்ணா இல்ல” என்று சொல்லி, வாயின் ஒரு பக்கச் சுவர் 0.9 ஆகவும் எதிர்ப்பக்கம் 0.7 ஆகவும் இருப்பதைக் காட்டினார். தாளில் நடு விலகியதன் காரணம் அங்கே கையில் கிடைத்தது.

அவர் கடைசியாக அளந்ததுதான் என்னைக் கலங்க வைத்தது. சோக்கின் உட்புறம் இருக்கும் பின்முனை, குழலின் உள்விட்டத்தை விடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஓடி வரும் குண்டுத் திரள் எதிலும் மோதாமல் உள்ளே நுழையும். இந்த ‘அரை’யின் பின்முனை 18.3. குழலை விட 0.1 குறைவு. ஒவ்வொரு சுடுதலிலும் ஈயமும் வாயுவும் அந்த விளிம்பில் இடித்துச் சோக்குக்கும் குழலுக்கும் நடுவே புகப் பார்த்திருக்கின்றன. குழலின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது வளையம் போன்ற மெல்லிய வீக்கம் தெரிந்தது. துவக்கோடு வந்த பழைய சோக்கும் இப்போது அந்தக் குழலில் முழுவதுமாகத் திருகி இறங்குவதில்லை. கீழ்க்குழலை இனிப் பயன்படுத்தவே கூடாது என்று துவக்குத் திருத்துபவர் சொல்லிவிட்டார்.

விற்பனையாளரை அழைத்தேன். முதல் நாள் “அளக்குறவருக்கு அளக்கத் தெரியல சேர்” என்றார். தாள்களின் படங்களை அனுப்பியதும் “துவக்கு விஷயத்தப் பெருசாக்கினா உங்க லைசன்ஸுக்குத்தான் பிரச்சினை வரும்” என்றார். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை. அந்த மிரட்டலுக்குப் பயந்து இதுவரை எத்தனை பேர் பேசாமல் இருந்திருப்பார்களோ என்பது என் கவலை. முறையான அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர், தவறான பொருளை விற்றவர் மீது முறையிட அஞ்ச வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. நான் கேட்கவில்லை. வங்கிச் சீட்டு, தொலைபேசிச் செய்திகள், பாஸ் எழுதிக் கொடுத்த அளவுகள் ஆகியவற்றை இணைத்து எழுத்தில் முறைப்பாடு தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நல்ல சோக் வாங்கியிருந்தால் பயன் கிடைத்திருக்குமா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். சரியாகச் செய்த சோக்கிலும் காலிலிருந்து அரைக்கு மாறும்போது 30 யாரில் குண்டுப் பரவலின் அகலம் ஏறத்தாழ 35 அங்குலத்திலிருந்து 32க்குக் குறைகிறது. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். அதே தூரத்தில் மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே போகும் தட்டை உடைக்க, அதற்கு ஒரு மீற்றருக்கும் அதிகமாக முன்னால் சுட வேண்டும். அந்த ஒரு மீற்றரில் அரை மீற்றர் தவறுபவரை ஒன்றரை அங்குலம் காப்பாற்றாது. 11 சென்ரிமீற்றர் தட்டுகளை 20 மீற்றருக்குள் சுடும் ஸ்கீற் போட்டியில் திறந்த சோக்கும், தூரம் கூடிய ட்ரப் போட்டியில் முக்காலோ முழுவதோ தேவைப்படுவது உண்மை. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கால், ஓர் அரை இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் போதும். நீண்ட சோக்கின் உண்மையான நன்மை, சாவியில்லாமல் கையால் கழற்றலாம் என்பதுதான். பக்கத் துளைகளால் எனக்குப் பின்னுதைப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை. சத்தம் கூடியது, துடைக்கும் வேலையும் கூடியது. 66,000 ரூபாயைத் தோட்டாக்களிலும், குறுக்குத் தட்டுகளைக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒருவரின் நேரத்திலும் செலவழித்திருந்தால் நான் வேறு இடத்தில் நின்றிருப்பேன்.

வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் திருகின் வகையை முதலில் பார்க்கவும். இன்வெக்டர், இன்வெக்டர் ப்ளஸ் என்ற திருகு வகைகளின் பெயர்கள் ஒட்டியிருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. சோக்கில் பொறித்திருக்கும் எழுத்தை நம்பாமல், உங்கள் குழலின் உள்விட்டத்தை அளந்து அதிலிருந்து சோக்கின் வாயளவைக் கழித்துப் பார்க்கவும். அகலமாகக் கடைந்த குழலில் ஒரே சோக் கூடுதல் ஒடுக்கமாக மாறும். பின்முனையை அளக்க விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். கையால் முழுவதும் இறங்காத சோக்கை வைத்து ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம்.

எனக்கு வந்தவற்றில் நீல வளையமும், வெள்ளை மையில் அச்சடித்த எழுத்தும், பின்முனையில் வெட்டுக் கருவி விட்ட நெருக்கமான கோடுகளும் இருந்தன. போன வாரம் பதுளைப் பக்கத்துத் தம்பி ஒருவர், தனக்கு விலைக்குக் காட்டப்பட்ட சோக்குகளின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். வளையம் சிவப்பாக மாறியிருந்தது. எழுத்தும் அந்தக் கோடுகளும் அப்படியே இருந்தன, விலை 72,000.