மாடல் ஒய்: முன்கதவுக்கு ஒரு நீதி, பின்கதவுக்கு ஒரு நீதி

டெஸ்லாவின் மாடல் ஒய் மின்சாரக் காரை 2022 முதல் ஓட்டி வருகிறேன். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், அந்த வண்டி உருவாகும் தொழிற்சாலையிலிருந்து சில மைல் தொலைவில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் எண்ணினால் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் அது நிற்கும். அதன் ஓட்டம், சார்ஜ் நிற்கும் தூரம், மென்பொருள் ஆகியவற்றைப் பற்றித் தமிழிலேயே போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டதால், இந்த மதிப்புரையில் ஒரே ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது கதவு.

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2021-ஆம் ஆண்டுத் தயாரிப்பான மாடல் ஒய் வண்டிகள் ஏறத்தாழ 1,74,000 குறித்து ஒரு முதற்கட்ட விசாரணையைத் தொடங்கியது. வெளிக்கைப்பிடி வேலை செய்யவில்லை என்று ஒன்பது பேர் புகார் அளித்திருந்தார்கள். குழந்தையைப் பின்னிருக்கையில் உட்கார வைத்துவிட்டு முன்பக்கம் வருவதற்குள், அல்லது ஓட்டம் முடிந்து இறங்கிக் குழந்தையைத் தூக்கப் போவதற்குள், கதவுகள் திறக்க மறுத்துவிட்டன என்பதே அவற்றில் அதிகம் வந்த கதை. நான்கு பேர் கண்ணாடியை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். என் வண்டி ஓராண்டு இளையது; அந்த விசாரணைக்குள் வராதது. இதுவரை அதன் கதவு என்னிடம் ஒருமுறையும் முரண்டு பிடித்ததில்லை. ஆனாலும் அன்றிரவு, வாங்கிய நாளிலிருந்து ஒழுங்காகப் படித்திராத பயன்பாட்டுக் கையேட்டைக் கைப்பேசியில் திறந்துகொண்டு, டார்ச்சுடன் வண்டிக் கொட்டகைக்குப் போனேன். அதன் விளைவே இந்தக் கட்டுரை.

வெளிப்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். கதவோடு கதவாகப் படிந்திருக்கும் கைப்பிடியின் அகன்ற முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் நீண்ட முனை வெளியே எழும். அதைப் பற்றி இழுக்க வேண்டும். முதன்முறை வரும் விருந்தினர் தவறான முனையைத்தான் அழுத்துவார். இரண்டாம் முறை அந்தத் தவறு நேராது. பார்வைக்கும் தொடுகைக்கும் அது பழைய கைப்பிடியைப் போலவே இருப்பதால், அதன் பின்னால் ஒரு கம்பி தாழ்வரைக்கும் போகிறது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நாம் இழுப்பது ஒரு விண்ணப்பம். அது மின்சைகையாகக் கணினிக்குப் போகிறது, கணினி ஏற்றுக்கொண்டால் சிறு மோட்டார் ஒன்று தாழை விடுவிக்கிறது. உள்ளே கைப்பிடியின் மேல்முனையில் இருக்கும் பொத்தானும் அப்படித்தான். அதைத் தொட்டதும் சட்டமில்லாத கண்ணாடி ஒரு விரற்கடை கீழிறங்கி, ரப்பர் விளிம்பை உரசாமல் கதவு விலகிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் இதைவிட இதமான கதவை நான் கண்டதில்லை. விரல் மூட்டு வலி உள்ள என் அம்மாவுக்கு, இழுக்கவும் திருகவும் வேண்டாத இந்தப் பொத்தான் வண்டியிலேயே மிகப் பிடித்த பகுதி.

மின்சாரம் இல்லாத வேளைக்கென்று முன்கதவுகளில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுகளுக்குச் சற்று முன்னால், கை இயல்பாகப் போய் விழும் இடத்தில், மேல்நோக்கி இழுக்கும்படி அமைந்திருக்கிறது. இது உண்மையான கம்பி இணைப்பு. பேட்டரி செத்திருந்தாலும் திறக்கும். வேடிக்கை என்னவென்றால், யாரும் சொல்லித் தராமலே எல்லாரும் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இறங்கச் சொன்னால் பாதிப் பேர் பொத்தானை விட்டுவிட்டு இதைத்தான் இழுக்கிறார்கள். கண்ணாடி இறங்குவதற்குள் கதவு திறந்தால் விளிம்பு சேதப்படலாம் என்பதால் திரையில் எச்சரிக்கை வரும், நானும் முகம் சுளிப்பேன். இப்போது சுளிப்பதில்லை. சொல்லித் தராமலே கைக்குத் தட்டுப்படுகிறதென்றால், அவசரகால நெம்புகோல் ஒன்றுக்கு அதைவிடச் சிறந்த சான்றிதழ் கிடையாது.

பின்கதவுக்கு வருவோம். கதவின் அடியில் தண்ணீர்ப் புட்டி வைக்கும் பை இருக்கிறதல்லவா, அதன் அடியில் விரித்திருக்கும் சிறு விரிப்பை முதலில் எடுக்க வேண்டும். அதன் கீழே சிவப்பு நாக்கு ஒன்று தெரியும். அதை அழுத்தி ஒரு மூடியைக் கழற்ற வேண்டும். மூடிக்குள் இருக்கும் கம்பிவடத்தை முன்பக்கமாக இழுத்தால் கதவு திறக்கும். இது கையேடு சொல்லும் வழி. எல்லா மாடல் ஒய் வண்டிகளிலும் பின்கதவுக்கு இந்த வசதி இல்லை என்று அதே பக்கத்தில் ஒரு வரியும் இருக்கிறது. என் வண்டியில் இருக்கிறது. 2017 முதல் 2023 வரை வந்த, டெஸ்லாவின் இன்னொரு காரான மாடல் 3 வண்டிகளின் பின்கதவில் இப்படி ஒன்று அறவே கிடையாது. மின்சாரம் போனால் பின்னால் இருப்பவர் முன்னிருக்கைக்குத் தாவித்தான் வெளியேற வேண்டும்.

அன்றிரவு என் பின்கதவுப் பையில் பாதி குடித்த தண்ணீர்ப் புட்டி, மூன்று கிரேயான், ஒரு காலுறை, டிஷ்யூ பெட்டி ஆகியவை இருந்தன. அவற்றை எடுத்து வைத்துவிட்டு, வெளிச்சத்தில், நின்று நிதானமாக, ஒரு கையில் கையேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்தேன். வடம் இழுபட்டது, கதவு திறந்தது. சொன்னபடி வேலை செய்யும் பொருள்தான், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் புகை நிறைந்த இருட்டில், ஏர்பேக் வெடித்த அதிர்ச்சியில், ஒருவேளை வண்டி கவிழ்ந்து பையின் அடி எது வாய் எது என்பதே குழம்பிய நிலையில், என் ஒன்பது வயது மகன் இதைச் செய்வான் என்று யாரேனும் என்னிடம் சொன்னால் ஏற்கமாட்டேன். அந்த இருக்கையில்தான் அவன் நாள்தோறும் உட்காருகிறான்.

ஓடும் வண்டியில் குழந்தை விளையாட்டாக இழுத்துவிடக் கூடாது என்ற கவலையே பின்கதவு வடத்தை இவ்வளவு ஆழத்தில் புதைக்கக் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். நியாயமான கவலைதான். ஆனால் பெட்ரோல் வண்டிகள் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே குழந்தைப் பூட்டு என்ற சிறு திருகால் தீர்த்துவிட்டன. பூட்டலாமா வேண்டாமா என்பதை அதில் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். தவிர, பின்னிருக்கையில் குழந்தைகள் மட்டுமா உட்காருகிறார்கள்? சென்ற ஆண்டு வெளியூர் ஒன்றில், விமான நிலையத்திலிருந்து ஒரு மின்சார வாடகைக் காரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வண்டி எந்த நிறுவனத்தது என்பது இங்கே வேண்டாம். இறங்கும்போது கதவைத் தடவித் தடவிப் பார்த்துப் பிடிபடாமல், ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, 'அதோ, அந்தக் கோடு மாதிரி இருக்கே, அதைத் தொடுங்க சார்' என்று சொன்ன பிறகே வெளியே வந்தேன். மின்சார வண்டி சொந்தமாக வைத்திருப்பவனுக்கே அந்த நிலை.

விபத்து நேரத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவின் மோட்டாருக்கு மின்சாரம் தருவது தரைக்கடியில் இருக்கும் பெரிய பேட்டரி அன்று. விளக்கு, திரை, தாழ் ஆகியவற்றை இயக்கும், நாம் வழக்கமாகப் பன்னிரண்டு வோல்ட் என்று சொல்லும் சிறிய பேட்டரி. பலத்த மோதலில் உயர் மின்னழுத்தப் பகுதி தானாகத் துண்டித்துக்கொள்ளும், அது நல்லதுக்குத்தான். ஏர்பேக் விரிந்தால் கதவுப் பூட்டுகள் விடுபடவும் ஏற்பாடு உண்டு. ஆனால் சிறிய பேட்டரியோ, அதிலிருந்து கதவுக்குப் போகும் கம்பியோ நசுங்கிவிட்டால், பூட்டு விடுபட்டும் பயனில்லை. தாழை நகர்த்தும் மோட்டாருக்கு உயிர் இருக்காது. வெளியே நிற்பவர் கைப்பிடியை எத்தனை முறை இழுத்தாலும் அந்த விண்ணப்பத்தை வாங்க ஆளில்லை.

இந்த வண்டியின் உடற்கட்டு இந்த இடத்தில் விசித்திரமான முரணை உண்டாக்குகிறது. 2022-இல், புதிய கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய என்கேப் அமைப்பின் சோதனையில் மாடல் ஒய் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 97 விழுக்காடு. மோதலில் உள்ளிருப்பவரை உயிரோடு வைத்திருப்பதில் இதற்கு இணையானவை குறைவு. அப்படி உயிரோடு, பெரிய காயமின்றி உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்த இரண்டு மூன்று நிமிடங்களில் தேவைப்படும் ஒரே பொருள் கதவுதான். நட்சத்திரங்களைக் கணக்கிட்ட அன்றைய சோதனை, மின்சாரம் போன பிறகு கதவு திறக்குமா என்ற கேள்விக்குத் தனி எடை கொடுக்கவில்லை.

வெளியிலிருந்து உதவ வருபவரின் நிலை இன்னும் மோசம். 2025 அக்டோபரில் சீனாவின் செங்டு நகரில் ஷியோமி எஸ்யூ7 வண்டி ஒன்று மோதித் தீப்பற்றியபோது, வழிப்போக்கர்கள் ஓடிவந்து கதவை இழுத்தும் உதைத்தும் திறக்க முடியாமல் பின்வாங்கிய காட்சி உலகெங்கும் பரவியது, ஓட்டியவர் இறந்தார். 2024 நவம்பரில், என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பீட்மான்ட்டில் டெஸ்லாவின் சைபர்ட்ரக் ஒன்று மரத்தில் மோதி எரிந்தது. உள்ளே இருந்த நால்வரில் ஒருவரை, பின்னால் வேறு வண்டியில் வந்த நண்பர் மரக்கிளையால் கண்ணாடியை உடைத்து வெளியே இழுத்தார்; மூவர் இறந்தார்கள். கதவின் பங்கு குறித்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருப்பதால் அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

கண்ணாடியை உடைப்பதும் எளிதன்று என்பதைப் பலர் அறிவதில்லை. உள்ளே அமைதியாக இருக்கவும், மோதலில் ஆள் வெளியே வீசப்படாமல் இருக்கவும் இக்கால வண்டிகள் பலவற்றின் பக்கவாட்டுக் கண்ணாடிகளில் இரண்டு அடுக்குக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டுகிறார்கள். அமெரிக்க மோட்டார் வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ., 2019-இல் ஆறு வகைக் கண்ணாடி உடைப்பான்களைச் சோதித்தது. சாதாரணக் கண்ணாடியை நான்கு உடைத்தன; ஒட்டுக் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. சாவிக்கொத்தில் தொங்கும் சிறு சுத்தியலை நம்பியிருப்பவர்கள், தம் வண்டிக் கண்ணாடி எந்த வகை என்று அதன் மூலையில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

இது டெஸ்லாவுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ண வேண்டாம். ஃபோர்டு நிறுவனம் 2025 ஜூனில் ஏறத்தாழ 1,97,000 மஸ்டாங் மாக்-ஈ வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இறங்கினால் வெளியிலிருந்து கதவு திறக்காமல், தானே திறந்துகொள்ளத் தெரியாத பின்னிருக்கைக் குழந்தை அகப்பட்டுக்கொள்ளக் கூடும் என்பதே காரணம். மாறாக, லெக்சஸ் என்எக்ஸ் வண்டியிலும் மின்தாழ் உண்டு, ஆனால் உட்கைப்பிடி ஒன்றே. அழுத்தினால் மின்சாரத்தில் திறக்கும்; அதையே இரண்டு முறை இழுத்தால் கம்பியால் திறக்கும். பதற்றத்தில் யார் கையும் கைப்பிடியை இழுக்கத்தான் செய்யும், அந்த இழுப்பே போதும். டெஸ்லாவின் தலைமை வடிவமைப்பாளர் ஃபிரான்ஸ் ஃபான் ஹோல்ஸ்ஹவுசனும் 2025 செப்டம்பரில், பொத்தானையும் நெம்புகோலையும் ஒன்றாக்கும் வேலை நடப்பதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல செய்தி, சற்றுத் தாமதமாக.

விதிகளும் இப்போதுதான் விழித்திருக்கின்றன. 2026 முதல் ஐரோப்பிய என்கேப், மோதலுக்குப் பிறகும் மின்கைப்பிடி வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. சீனா ஒருபடி மேலே போய், 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல்களின் கதவுகளுக்கு உள்ளும் புறமும் மின்சாரமின்றித் திறக்கும் கைப்பிடி கட்டாயம் என்று அறிவித்துவிட்டது. விரல்கள் நுழைய எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக்கூட சென்டிமீட்டரில் குறித்திருக்கிறார்கள். சீனாவில் விற்காத நிறுவனம் அரிது என்பதால், ஒருவேளை இந்த ஒரு விதியே உலகம் முழுவதற்குமான கதவைத் திருத்திவிடும்.

மதிப்பெண் கேட்டால், முன்கதவுக்கு ஐந்தில் நான்கு. குறைந்த அந்த ஒன்று வெளிப்பக்கத்தால். பின்கதவுக்கு ஒன்றரை, அதுவும் என் வண்டியில் வடம் இருப்பதற்காக. வண்டியை விற்கப் போவதில்லை. பயன்படுத்திய 2021, 2022 மாடல் வாங்க நினைப்பவர்கள், டயரையும் பேட்டரியையும் பார்ப்பதற்கு முன் பின்கதவுப் பையின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு நாக்கு இல்லையென்றால், பின்னிருக்கையில் யார் உட்காருவார்கள் என்று வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். இரண்டு பக்கமும் மூடியைக் கழற்றிவிட்டு, வடத்தில் சிவப்பு நைலான் கயிறு ஒன்றைக் கட்டி, நுனி கைக்கு எட்டும்படி பைக்குள் விட்டிருக்கிறேன். புட்டிக்கு இனி அங்கே இடமில்லை. மகனுக்கு மூன்று முறை கண்ணைக் கட்டிப் பழக்கினேன். அவனுக்கு அது விளையாட்டு. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு ஒருமுறைதான் காட்டினேன். 'கதவைத் திறக்கக்கூட ஒரு பாடமாடா?' என்று அன்று கேட்டார். இப்போது ஏறி உட்கார்ந்ததும் முதலில் பைக்குள் கையை விட்டுக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதன் பிறகே சீட் பெல்ட்டைத் தேடுகிறார்.