தரவு: கேட்டால் தருவதா, களஞ்சியத்தில் போடுவதா?

நொய்யல் தண்ணீரை ஒரத்துப்பாளையம் வரை அளந்துவிட்டு, ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது கோவை ஆய்வு மாணவர்கள் குழம்புவது இதில்தான்: அளந்த தரவை யாராவது கேட்டால் மட்டும் தருவதா, எல்லோரும் எடுக்கும்படி இணையக் களஞ்சியத்தில் போட்டுவிடுவதா?

செலவு: இரண்டுக்கும் காசில்லை. ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம்.

உழைப்பு: கேட்டால் தருவதற்கு இப்போது வேலையே இல்லை. களஞ்சியத்துக்கு உட்கார்ந்து எழுத வேண்டும்: அட்டவணையில் ‘ஈசி’ (நீரின் மின்கடத்துதிறன்) என்ற பத்தி எந்த அலகில், மாதிரி எடுத்தது மழைக்கு முன்பா, பின்பா.

ஆயுள்: கேட்டால் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் நானே தரவு கேட்டேன். “மடிக்கணினியோடு போச்சுங்க” என்றார். அத்தனை நாள் உழைப்பு! களஞ்சியத்தில் போட்டால் டிஓஐ என்ற நிலையான இணைய அடையாள எண்ணோடு நிற்கும்.

மதிப்பீடு: அந்த எண் இருந்தால் தரவையே மேற்கோள் காட்டலாம். இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்ற அளவை) வைத்து ஆளை எடைபோடாமல் தரவுத்தொகுப்பையும் கணக்கில் எடுங்கள் என்கிறது ஆய்வு மதிப்பீடு பற்றி 2013இல் வெளியான டோரா பிரகடனம்.

தரவில் விவசாயி பெயர், கிணற்றின் சர்வே எண் என ஆளை அடையாளம் காட்டுபவை இருந்தால் கேட்டால் தருவதே சரி. ஆற்றுநீர் அளவுகளுக்குக் களஞ்சியம்தான்.