மரவள்ளி மாவுப்பூச்சிக்கு அரசு தரும் குளவி: வயலில் விட்டுப் பார்த்த மதிப்பீடு

சேலம் மாவட்டத்தில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடும் எவரும், மாவுப்பூச்சியை ஒடுக்க அரசு ஆராய்ச்சி மையங்கள் இலவசமாகக் கொடுக்கும் ஒட்டுண்ணிக் குளவியை வாங்கி வயலில் விடலாம் என்று தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வாழப்பாடிப் பக்கத்தில் உள்ள என் மரவள்ளித் தோட்டத்தில் விட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

மாவுப்பூச்சி பிடித்த செடியின் நுனி இலைகள் முட்டைக்கோசு போலச் சுருண்டுகொள்ளும், கணுக்கள் நெருங்கும், தண்டு வளைந்து வளர்ச்சி நின்றுவிடும். ஆலையில் கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் ‘பாயிண்ட்’ பார்த்தே கிழங்குக்கு விலை போடுகிறார்கள் என்பதால், எடை குறைவதோடு விலையும் சரிகிறது. பூச்சி சுருண்ட இலைக்குள் மெழுகுப் பூச்சோடு ஒளிந்திருப்பதால், கடைக்காரர் சொன்ன மருந்துகளை மாற்றி மாற்றி அடித்தும் செலவு ஏறியதே தவிரப் பலன் நிற்கவில்லை. குளவியை விட்ட சில வாரங்கள் கழித்து ஒரு நுனியைப் பிரித்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பு உடலில் வெண்மாவு பூசிய பூச்சிகளுக்கு நடுவே, பழுப்பு நிறத்தில் இறுகிப்போன கூடுகள் இருந்தன. சிலவற்றின் முனையில் குளவி கடித்துக்கொண்டு வெளியேறிய வட்டத் துளையும் தெரிந்தது. பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று வளரும் இந்தக் குளவி இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது.

அது இங்கே வந்த வழி நம் உழவர்கள் அறிய வேண்டியது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மாவுப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளி வயல்களை அழித்தபோது, அதன் இயற்கை எதிரியான ‘அனகைரஸ் லோபெசி’ குளவியைப் பராகுவேயிலிருந்து கொண்டுவந்து கண்டம் முழுவதும் பரப்பிய திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சுவிட்சர்லாந்துப் பூச்சியியல் அறிஞர் ஹான்ஸ் ஹெரன். அப்பணிக்காக 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். இந்தியாவில் பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே நம் பகுதிக்கும் வந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்து, மற்ற பூச்சிகளுக்குத் தீங்கு செய்யாது என்பதைத் தனிமைப்படுத்திய ஆய்வகத்தில் சோதித்து உறுதி செய்தபின், 2022இல் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயல்வெளியில் விட்டது. பூச்சி நுழைந்து இரண்டே ஆண்டுகளில் இது முடிந்தது என்றால், பூச்சியை அடையாளம் காணும் வல்லுநர்களும் ஆய்வகமும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பொதுப்பணத்தில் பேணப்பட்டு வந்தமையே காரணம்.

நாட்டின் ஆராய்ச்சிக் கொள்கையை மதிப்பிட இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டை ஆராய்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்ற இலக்கை 2013ஆம் ஆண்டின் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கை மீண்டும் எடுத்துரைத்தது. 2020-21இல் நாம் செலவிட்டதோ 0.64 விழுக்காடு. நாடு முழுவதும் ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கென 2023இல் சட்டம் இயற்றியபோது ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்பது கணக்கு. மருந்து, மின்னணுத் துறைகளுக்கு அப்படி வரக்கூடும். குளவிக்கு யார் தருவார்கள்? என் வயலில் விட்டது அடுத்த பருவத்தில் பக்கத்து விவசாயியின் வயலுக்கும் பறக்கிறது. அவரிடம் எவரும் காசு வாங்க முடியாது. காப்புரிமைகளையும் புதுத்தொழில் நிறுவனங்களையும் எண்ணிப் புத்தாக்கத்தை அளக்கும் முறையில் இப்படிப்பட்ட பணி கணக்கிலேயே வராது. விற்க முடியாத, ஆனால் எல்லோருக்கும் பயன்படும் ஆராய்ச்சிக்கு அரசே முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்று கொள்கையில் தெளிவாக எழுத வேண்டும்.

சேவையில் எனக்குள்ள குறையும் அங்கிருந்தே தொடங்குகிறது. குளவியை உயிரோடு வளர்க்க, முதலில் மரவள்ளிச் செடியையும் அதன்மேல் மாவுப்பூச்சியையும் வளர்த்தாக வேண்டும். அதற்கு ஆளும் இடமும் ஆண்டு முழுவதும் தேவை. நான் வாங்கிய மையத்தில் பணியாளர்கள் பொறுமையாக விளக்கினார்கள், ஆனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் அளவுக்குக் கையிருப்பு இல்லை. வட்டார வேளாண் விரிவாக்க மையம் தோறும் சிறு வளர்ப்புக் கூடம் இருந்தால், சேர்வராயன் மலை அடிவாரத்து மானாவாரி விவசாயியும் பேருந்து மாறி மாறி அலைய வேண்டியிருக்காது.

வாங்கப் போகிறவர்கள் நுனி சுருளத் தொடங்கியதுமே மையத்தில் சொல்லி வைத்துவிடுங்கள். கொண்டுவந்த அன்றே, வெயில் ஏறுமுன் அல்லது தாழ்ந்தபின், பாதிப்புள்ள செடிகளின் அருகில் திறந்துவிடுங்கள். அதன்பின் அந்த வயலில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. பக்கத்து வயல்காரரிடமும் இதைச் சொல்லி, அவரையும் நிறுத்தச் செய்யுங்கள்.