டாமாக்சிஃபென், லெட்ரோசோல்: யாருக்கு எது?

மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் தடுக்கச் சாப்பிடும் இந்த இரண்டு மாத்திரைகளில் யாருக்கு எது? மும்பையில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த மாதுங்கா, தாராவி அக்காக்கள் அடிக்கடி கேட்பது இது. ரிப்போர்ட்டில் ‘ஈ.ஆர். பாசிட்டிவ்’ என்றிருந்தால் இந்தக் கேள்வி வரும். ஈ.ஆர். என்பது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து ஒட்டியதும் செல் பெருகத் தேவையான ஜீன்களை முடுக்கிவிடும் புரதம். பாசிட்டிவ் என்றால் அது புற்று செல்லில் இருக்கிறது என்று அர்த்தம்.

வேலை: டாமாக்சிஃபென் அந்தப் புரதத்தில் ஈஸ்ட்ரோஜனின் இடத்தை அடைத்துக்கொள்ளும். லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கும்.

மாதவிடாய்: முடிவு பெரும்பாலும் இங்கேதான். மாதவிடாய் நிற்காதவருக்கு லெட்ரோசோல் மட்டும் போதாது. சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டே இருக்கும், அதை அடக்க ஊசியும் வேண்டும். கீமோவில் நின்றுபோனதை நம்பிவிடக் கூடாது, திரும்ப வரலாம். ரத்தப் பரிசோதனை பார்க்காமல் மாத்திரை மாற்றுவது சரியில்லை.

தொல்லை: டாமாக்சிஃபெனில் உடம்பு திகுதிகுவென்று சுடும், அரிதாக ரத்தக்கட்டி, கருப்பை உட்சுவர்ப் புற்று. லெட்ரோசோலில் காலையில் விரல் மடங்காத மூட்டுவலி, எலும்புத் தேய்மானம்.

செலவு: இரண்டிலும் ஜெனரிக் உண்டு. லெட்ரோசோலுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம் செலவு கூடும்.

மாதவிடாய் முற்றிலும் நின்றவர்களுக்கு லெட்ரோசோல்தான் முதல் தேர்வு. நோய் திரும்புவதை அது சற்றுக் கூடுதலாகத் தடுக்கிறது. எலும்பு ஏற்கெனவே பலவீனம் என்றால் டாமாக்சிஃபென் பக்கம் சாயலாம். இளம் வயது, நோய் திரும்பும் ஆபத்து குறைவு என்றால் டாமாக்சிஃபெனே போதும். ஆனால் மனச்சோர்வுக்குப் பராக்செடின் சாப்பிடுபவர் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அது டாமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும்.