பதினொரு வருடமாகக் கையில் கிடக்கும் சப்மரினர்

எனக்குத் தெரிந்த நீச்சல் திருவையாற்றுப் படித்துறையோடு சரி. ஆனாலும் 2013-இல் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது முக்குளிப்பவர்களுக்கான வாட்சான ரோலக்ஸ் சப்மரினரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 14060எம் மாடல், 40 மில்லிமீட்டர், தேதி காட்டாது. விலையை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. அரை மா நஞ்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சப்மரினர் 1953-இல் வந்தபோது 100 மீட்டர் ஆழம் தாங்கும் என்றார்கள். என்னுடையதற்கு 300 மீட்டர். மேட்டூர் அணை நிரம்பி வழிந்தாலே 120 அடிதான். எட்டு மேட்டூரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உள்ளே சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. காவிரிக்கரைக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இதன் அருமை புரிந்தது. மும்முனை கரண்ட் ராத்திரி இரண்டு மணிக்கு வரும். மோட்டாரைப் போட்டதும், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பெசல் வளையத்தைத் திருகி, அதன் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிடுவேன். மடை மாற்றும் நேரம் வந்ததா என்று கணக்குப் போட வேண்டாம், வளையத்தைப் பார்த்தால் போதும். இருட்டில் டார்ச்சை ஒரு நொடி காட்டினால் டயல் புள்ளிகள் பச்சையாக ஒளிரும். கைபேசியைச் சேற்றுக் கையோடு எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும்.

அந்த வளையம் ஒரு சுற்றுக்கு 120 'டிக்'. இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும். முக்குளிப்பவர் கை எங்காவது இடித்து வளையம் நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. சிலிண்டரில் காற்று தீருமுன் மேலே வந்துவிடலாம். என் விஷயத்தில், வரப்பில் இடித்தால் என் தண்ணீர் முறை சீக்கிரம் முடிந்ததாகக் காட்டும். லாபம் பக்கத்து வயல்காரருக்கு.

நடவு சமயத்தில் வளையத்துக்கு அடியில் சேறு புகுந்து இறுகிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் மறுபடி டிக் டிக்கென்று திரும்பும். எஃகுப் பட்டையைக் கழற்றிவிட்டு நைலான் பட்டை போட்டுவிட்டேன். வியர்வைக்கும் சேற்றுக்கும் அதுதான் சரி.

சேகரிப்பவர்கள் இந்த மாடலைத் தேடுவதற்குக் காரணம், பெசல் தகடு அலுமினியம். புது சப்மரினர்களில் செராமிக், அது வெளுக்காது. என்னுடையது பதினொரு வருட டெல்டா வெயிலில் கறுப்பு வெளுத்து ஓரத்தில் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது. கீறல் ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும். அதில்தான் ஒரு வயிற்றெரிச்சல். சர்வீஸுக்குக் கொடுத்தபோது, கேட்காமலே கேஸை, அதாவது வாட்சின் வெளிக்கூட்டை, பாலிஷ் போட்டுப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். பட்டை மாட்டும் காதுகளின் கூர்விளிம்பு மழுங்கிவிட்டது. பழைய வாட்ச் கொடுப்பவர்கள் "பாலிஷ் வேண்டாம்" என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

நாளுக்கு மூன்று நான்கு விநாடி முந்துகிறது, எனக்குப் போதும். கை அசைவில் சாவி ஏறும் வாட்ச் என்பதால், கழற்றி வைத்தால் சுமார் 48 மணி நேரம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். டீக்கடைப் பெரியவர் ஒருவர் மட்டும் வருடா வருடம் கேட்பார், "ஹெச்எம்டிதானே தம்பி? இன்னும் ஓடுதா?" ஓடுதுங்க என்பேன்.

தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள்தான். அவை காலத்தோடு காய்ந்துபோகும். என்னுடையதற்கு மாற்றும் காலம் வந்துவிட்டது. அதனால் போன ஆடிப்பெருக்கு அன்று வாட்சைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆற்றில் முங்கினேன்.