பூனைக்கு இரவில் நோய் கண்டால்: ஒரு தொலைபேசி ஆலோசனைச் சேவையைப் பற்றிய மதிப்பீடு

மருத்துவமனைகள் மூடிய பிறகு பூனை சோர்ந்து படுத்துவிட்டால், வளர்ப்பவருக்கு உடனடியாகத் தெரிய வேண்டியது ஒன்றே: விடியும் வரை பொறுக்கலாமா, இப்போதே அவசரச் சிகிச்சைக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமா? இதற்கு விடை சொல்வதற்கென்றே கால்நடை மருத்துவர்களை இரவு முழுவதும் பணியில் வைத்திருக்கும் தொலைபேசிச் சேவை ஒன்றை, எங்கள் கடுவன் பூனை வாந்தி எடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக்கொண்ட இரவில் அழைத்தேன்.

மருத்துவர் கேள்வி கேட்ட வரிசையே அவருடைய அனுபவத்தைக் காட்டியது. மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையாவது கொடுத்தீர்களா என்பது முதல் கேள்வி. பாராசிட்டமாலை நச்சு நீக்கி வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கக்கூடும். அடுத்து, சிறுநீர் கழித்ததா என்று கேட்டு, மணல் தட்டைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். கடுவன் பூனை அடிக்கடி தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், அது காலை வரை காத்திருக்கக்கூடிய நோயன்று; அடைப்பு நீடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே நின்றுபோகலாம். தட்டில் ஈர மணல் கட்டிகள் இருந்ததைச் சொன்ன பிறகே மற்றவற்றுக்கு வந்தார்.

பூனை அமைதியாகப் படுத்திருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கச் சொன்னார். ஓய்விலிருக்கும் பூனையின் மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டாமல் இருப்பதே இயல்பு. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலோ, மேற்கொண்டு பேசிக்கொண்டிராமல் கிளம்பிவிட வேண்டும் என்றார். ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்புகிறதா என்று பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். பதறிக்கொண்டிருப்பவரின் கைக்கு இப்படி ஒரு வேலை கொடுப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்த நேரத்தில்தான் புரியும்.

வீட்டுக் கவனிப்பைப் பற்றிய அறிவுரையும் நிதானமாக இருந்தது. கதகதப்பான, வெளிச்சம் குறைந்த இடத்தில் விட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்தால் போதும், பால் வேண்டாம், வாந்தி எடுக்கும் பூனையின் வாயில் சிரிஞ்சால் உணவைச் செலுத்தினால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால் அதுவும் கூடாது. ஆனால் பட்டினியை நீளவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். சில நாள்கள் உண்ணாமலிருக்கும் பூனைக்கு, குறிப்பாக உடல் பருத்ததற்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து புதிய ஆபத்து உண்டாகும்.

குறைகளும் உண்டு. மருத்துவரிடம் இணைப்பதற்கு முன் தடுப்பூசி விவரம், இனம், புகைப்படம் என நீளமான படிவம் ஒன்றை நிரப்பச் சொல்கிறார்கள். மூச்சுத் திணறும் பூனையை மடியில் வைத்திருப்பவரிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. அவசரக் குறிகளை மட்டும் கேட்டுவிட்டு மற்றதைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். உடல் வெப்பத்தை ஆசனவாய் வழியாக அளக்கும் முறையையும் குரலால் மட்டுமே விளக்குகிறார்கள். ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு என்று தெரிந்திருந்தாலும், திமிறும் பூனையிடம் பழக்கமில்லாதவர் வெப்பமானியைப் பயன்படுத்துவது கடினம். ஒரு சிறு காணொளியை அனுப்பியிருக்கலாம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தொலைபேசியால் இயலாது என்பதை மருத்துவரே வெளிப்படையாகச் சொன்னதை நான் பாராட்டுகிறேன்.

உரையாடல் முடிந்ததும் மூச்சு எண்ணிக்கை, ஈறின் நிறம், வாந்தியின் தன்மை ஆகியவற்றைத் தொகுத்து எழுத்தில் அனுப்பினார்கள். காலையில் வழக்கமான மருத்துவர் அதைப் படித்துவிட்டே பரிசோதனையைத் தொடங்கினார். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே நேரத்தையும் பதிந்து கொடுத்தால், இரவில் நிலைமை எப்படி மாறியது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.