அப்புச்சி புல்லட்டை பாபரா (வெட்டிக் குறைச்சு மாத்துன ஒத்த சீட்டு பைக்) பண்ணக் குடுத்து ஏமாந்த கதை, பழைய வண்டி வெச்சிருக்கறவங்க படிச்சிட்டு போங்க

மொதல்லயே சொல்லிடறேன், கடை பேரு போட மாட்டேன். கேஸ் போட்டிருக்கு, வக்கீல் கண்டிஷனா வேண்டாம்னுட்டாரு, இன்பாக்ஸ்ல வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. சென்னையில கஸ்டம் பைக் பண்ற ஒரு இடம், ரீல்ஸ் பாத்து மயங்கிப் போனேன், அவ்ளோ போதும்.

வண்டி எங்கம்மாவோட அப்பா, எங்க அப்புச்சி, 1973ல புதுசா எடுத்த புல்லட் 350. திருவொற்றியூர் ஃபேக்டரி வண்டி. கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல, ஹெட்லைட் டூம் மேல ரெண்டு குட்டி டைகர் லைட்டு, பக்கத்துல அம்மீட்டர். ஆர்சி புக்ல கோயம்புத்தூர் சீல் தான் இருக்கும், எங்க கோபி இருக்கற ஈரோடு அப்போ தனி மாவட்டமே ஆகல, 79ல தான் பிரிச்சாங்க. அப்புச்சி ஒருக்கா தடப்பள்ளி வாய்க்கா கரையில சறுக்கி கல்லு மேல வண்டிய போட்டுட்டாரு, அதுல பிளாக்ல (பிஸ்டன் ஓடற சிலிண்டர்) இடது பக்கம் மேல இருந்து மூணாவது ஃபின் (சூடு தணிக்க வெளிய நீட்டிட்டு இருக்கற தகடு) ரெண்டு விரல் அகலத்துக்கு உடைஞ்சு போச்சு. உடைஞ்ச முனை வேட்டிய இழுக்குதுன்னு அவரே அரம் போட்டுத் தேச்சு மழுக்கி வெச்சிருந்தாரு. சின்னப் பையனா இருக்கறப்ப அந்த இடத்துல விரலை வெச்சு வெச்சுப் பாப்பேன், பல்லு விழுந்த ஈறு மாதிரி வழவழன்னு இருக்கும். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

99ல மாமா ஓட்டிட்டு போறப்ப கவுந்தப்பாடிகிட்ட வெல்லம் ஏத்துன டெம்போ ஒண்ணு இடிச்சு, ஃபோர்க் மடங்கி டூம் அப்பளமாயி மாமாவுக்கு கால்ல ராடு வெச்சாங்க. அன்னைக்கு மாட்டுக் கொட்டாய் ஓரமா சாத்துனது தான், இருவது வருஷத்துக்கு மேல கோழி அடை காக்கற இடமா போச்சு. 2022ல "நீ வேணா எடுத்துக்க மாப்ள, பழைய இரும்புக்காரன் வாரா வாரம் வந்து கேக்கறான்"னு மாமா சொன்னாரு, எனக்கு தலைகால் புரியல. ஒரிஜினலா ரெஸ்டோர் பண்ணிருக்கணும். எனக்கு பாபர் ஆசை. ஒத்த சீட்டு, குண்டு டயரு, மட்கார்டு வெட்டி, மேட் பிளாக். அந்த ஆசை என்னோடது தான், அத கடைக்காரன் மேல போட மாட்டேன்.

போய் பாத்தேன். நல்லா தான் பேசுனாரு, காபி எல்லாம் வந்துச்சு. எஸ்டிமேட் 1,65,000, நாலு மாசம், அட்வான்ஸ் ஒரு லட்சம். எஸ்டிமேட்ங்கறது என்ன, வாட்ஸ்அப்ல ஏழு வரி மெசேஜ். சீல் இல்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்ல, பணம் போட மூணு வெவ்வேற யுபிஐ நம்பர், ஒண்ணு அவரோட மச்சானோடதாம். அன்னைக்கே எந்திரிச்சு வந்திருக்கணும், ஆனா செவுத்துல மாட்டிருந்த டேங்குகளைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

நாலு மாசம் பதிமூணு மாசம் ஆச்சு. பெயிண்டர் ஊருக்கு போயிட்டாரு, குரோம் குடுத்த இடத்துல ஸ்ட்ரைக், வயரிங் பையனுக்கு கல்யாணம், அந்தப் பையனுக்கே திரும்ப ஒருக்கா கல்யாணம் (நிஜமா, ரெண்டு தடவை அதே காரணம் சொன்னாரு). நடுவுல டேங்க் ரெடின்னு ஒரு போட்டோ வந்துச்சு, சந்தோசத்துல ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டுனேன், அது வேற யாரோ கஸ்டமர் வண்டி டேங்குன்னு அப்புறம் அவங்க பழைய ரீல்லயே பாத்தேன். கேட்டா "சாம்பிள் ப்ரோ". ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஒரு இருவது போட்டு விடுங்க ப்ரோ, பார்ட்ஸ் நிக்குது"ன்னு சொல்லிச் சொல்லி மொத்தம் 2,90,000 போச்சு. பாதி செஞ்ச வண்டிய வெச்சிருக்கறவன் கையில தான் நம்ம குடுமி இருக்கு, காச நிறுத்துனா வண்டி மூட்டையா வரும்.

டெலிவரி எடுக்கப் போன அன்னைக்கு தான் உச்சக்கட்டம். வண்டி சூப்பரா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. இன்ஜினைச் சுத்தி வந்து பாத்தா எல்லா ஃபின்னும் முழுசா இருக்கு. நான் கேக்கறேன், "அண்ணா, அந்த உடைஞ்ச ஃபின்னைக் கூட சரி பண்ணிட்டீங்களா?" அவரு ஒரு செகண்ட் என்னைப் பாத்துட்டு "ஆமா ப்ரோ, நம்ம பசங்க கைவேலை"ன்னாரு. நான் அந்த பசங்களுக்கு டிப்ஸ் 2000 குடுத்துட்டு வந்தேன். ஆமாங்க, டிப்ஸ்.

பார்சல்ல கோபிக்கு கொண்டு வந்து ஓட்ட ஆரம்பிச்சா முதல் நாளே வண்டி இடது பக்கம் இழுக்குது. குண்டு டயர் போட பின் வீலைப் புடிக்கற ஸ்விங் ஆர்மை அகட்டி வீல சென்டர் மாத்தி மாட்டிருக்காங்க, நூல் பிடிச்சுப் பாத்தா முன் வீலுக்கும் பின் வீலுக்கும் ஒரு விரல் வித்தியாசம். அப்புறம் நீலப்புகை. செட் ஆகணும் ப்ரோன்னாங்க. நானூறு கிலோமீட்டர் ஓடிருக்கும், தொடைக்கறப்ப சீட்டுக்கு கீழ சேசிஸ் குழாய்ல மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல், பெயிண்ட் தான்னு நெனச்சேன். மனசு கேக்காம பாப்பாவோட ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்துட்டு வந்து ஒட்டிப் பாத்தா குழாய்ல எல்லா இடத்துலயும் டப்புன்னு ஒட்டுது, அந்த இடத்துல மட்டும் வழுக்கி கீழ விழுது. கத்தியால சொரண்டுனேன், பட்டி, பள்ளம் அடைச்சு பெயிண்ட் அடிக்கற பூச்சு. விரல் கனத்துக்கு பட்டி. அதுக்கு கீழ ரெண்டு குழாயையும் முட்டுக்கு முட்டு வெச்சு வெளிய மட்டும் சுத்தி வெல்ட் அடிச்சிருக்கான், அதுவும் பொத்தல் பொத்தலா. உள்ள ஸ்லீவ், அதாவது ரெண்டையும் சேத்துப் புடிக்கற உள் குழாய், கெடையாது. ஒரு ஆளு எடையத் தாங்கற இடம் சார் அது. பாப்பாவை முன்னாடி உக்கார வெச்சு அதுல ரெண்டு ரவுண்டு போயிருக்கேன், இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது.

ஈரோட்டுல ஒரு பாய் இருக்காரு, நாப்பது வருஷமா புல்லட் மட்டும் தான் பாக்கறாரு. அவருகிட்ட தள்ளிட்டு போனேன். ஹெட்டைக் கழட்டி, துணியில பெட்ரோல் நனைச்சு பிஸ்டன் மண்டையத் தொடச்சாரு. "தம்பி, பில்லுல என்ன போட்டிருக்கான்?" "20 சைஸ் போரிங், புது பிஸ்டன்னு மெசேஜ் பாய்." "இங்க பாரு." பிஸ்டன் மேல 60ன்னு அடிச்சிருக்கு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், பிளாக் தேய தேய போர் போட்டு, அதாவது உள் ஓட்டையக் கடைஞ்சு பெருசாக்கி, பிஸ்டன் சைஸ் ஏத்துவாங்க, ஸ்டாண்டர்டு, 20, 40, 60, அதுக்கு மேல உள்ள புதுக் குழாய் (லைனர்) அடிக்கறது தான் வழி. அப்புச்சி வண்டி ஒருநாளும் போர் போட்டதில்ல, ஸ்டாண்டர்டு பிளாக், மாமா சத்தியம் பண்ணுவாரு. முதல் போரிங்ல யாரும் 60க்கு தாவ மாட்டாங்க. பாய் என்னைப் பாத்து மெதுவா சொன்னாரு, "இது உங்க பிளாக்கே இல்ல தம்பி."

அப்ப தான் எனக்கு அந்த ஃபின் உறைச்சுது. அவன் சரி பண்ணல, பிளாக்கையே மாத்திட்டான். நானே போய் அத பாராட்டி டிப்ஸும் குடுத்திருக்கேன். அங்கயே கீழ உக்காந்துட்டேன், பாய் டீ சொன்னாரு.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா பாத்தா ஒரிஜினல் அமால் கம்பெனி கார்ப் (கார்புரேட்டர்) போச்சு, ஏதோ டூப்ளிகேட் மாட்டிருக்கு. நசுங்குன டூம், அம்மீட்டர், டூல்பாக்ஸ், பழைய நீட்டு சைலன்ஸர், எதுவும் திரும்பி வரல. போன் பண்ணிக் கேட்டா "அதெல்லாம் ஸ்கிராப்ல போட்டாச்சு ப்ரோ". ஸ்கிராப்பாவது. எழுபதுகள் புல்லட் ஒரிஜினல் சாமானுக்கு ரெஸ்டோர் பண்றவங்க என்ன விலை குடுப்பாங்கன்னு சென்னையில பழைய பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டை பக்கம் ஒரு ரவுண்டு போனாலே தெரியும். நம்மள மாதிரி பாபர் கிறுக்கனுங்க தான் அவங்களுக்கு சரக்கு சப்ளை, அதுக்கு காசும் நாமளே குடுக்கறோம்.

இதுக்கு மேல ஆர்டிஓ கூத்து. ஆர்சி அப்புச்சி பேருல, காலாவதியும் ஆயிடுச்சு. அவரு தவறிட்டதால படிவம் 31 குடுத்து பேரு மாத்தி, எஃப்சி (வண்டி தகுதிச் சோதனை) காட்டி ரினிவல் பண்ணணும். கடைக்காரன் "எல்லாம் நம்ம ஆளு இருக்காரு ப்ரோ, முடிச்சுக்கலாம்"னு சொல்லிருந்தான், அந்த ஆளு போனே எடுக்கல. இன்ஸ்பெக்டர் வண்டிய ஒரு சுத்து சுத்திட்டு "இது எந்த வண்டிங்க?"ன்னாரு. நக்கல் இல்ல, நிஜமாவே கேட்டாரு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிருச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல மாத்துன ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 அபராதம், ஆறு மாசம் வரை ஜெயிலும் உண்டு. ஓனருக்குன்னு கவனிங்க. கடைக்காரன் ரீல்ஸ் போட்டு லைக் வாங்கிட்டு போயிருவான், ஆர்சில பேரு இருக்கறவன் தான் கைய கட்டி நிக்கணும்.

இன்னொண்ணு கேட்டா நீங்களே என்னை அடிப்பீங்க. 2021ல விண்டேஜ் வண்டிக்குன்னு மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தாங்க. 50 வருஷம் தாண்டுன வண்டி, ஒரிஜினலா இருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது. 20,000 கட்டுனா விஏ சீரிஸ் நம்பர், பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலிக்கு கொண்டு போகலாம். அப்புச்சி வண்டிக்கு 50 முடிஞ்சது 2023ல. அந்த நேரம் அது சென்னையில ரெண்டு துண்டா கெடந்துச்சு.

நுகர்வோர் கோர்ட்டுல 2024ல குடுத்தேன், பிரச்சினை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கணும், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது. எதிர்தரப்பு என்ன சொல்றாங்கன்னா, வண்டி துண்டு துண்டா வந்துச்சு, இந்த பிளாக் தான் வந்துச்சு, சட்டவிரோத மாடிஃபிகேஷன் கேட்டதே அவரு தான். கடைசி பாயிண்டுக்கு என்கிட்ட பதில் இல்ல. முதல் ரெண்டுக்கு இருக்கற ஒரே சாட்சி, எனக்கு ஆறு வயசுல மாமா எடுத்த போட்டோ. வண்டி மேல டவுசரோட உக்காந்திருக்கேன், என் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்துல அந்த ஃபின் இல்லாத சந்து தெரியும். அத பெருசு பண்ணி பிரிண்ட் போட்டுக் குடுத்திருக்கோம்.

வண்டி குடுக்கறதுக்கு முன்னாடி அரை நாள் உக்காந்து வேலை பாத்திருந்தா இவ்ளோ வந்திருக்காது. பாய் சொன்னது தான் இது: இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் மேல பேப்பர் வெச்சு பென்சில் தேச்சு எடுத்துக்கணும், பிளாக்குக்கு அடியில, கியர்பாக்ஸ்ல, கார்ப்ல எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல சென்டர் பஞ்சால ஒரு புள்ளி அடிச்சு வெச்சுக்கணும், கழட்டுற எல்லா பழைய சாமானும் திரும்ப வேணும்னு பேப்பர்ல எழுதி அவன் கையெழுத்து வாங்கணும். வெல்டிங் முடிஞ்சதும் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி வெறும் இரும்பா நேர்ல பாக்கணும், அதப் பாத்துட்டு தான் அடுத்த பணம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சொல்லாம போய் நிக்கணும். வெளியூர்ல குடுத்தா இது எதுவும் நடக்காது, அதனால வெளியூர்ல குடுக்காதீங்க. சேசிஸ்ல கட்டிங் வீல் வெக்கறேன்னு சொன்னா, நீங்களே ஆசைப்பட்டாலும், வண்டிய ஏத்திட்டு வந்துருங்க.

இப்ப வண்டி பாய் கடையில நிக்குது. வேற சேசிஸ் மாட்டுனா நம்பர் பிரச்சினை, அதனால வெட்டுன எடத்த ஒழுங்கா ஸ்லீவ் போட்டு பழைய அளவுக்கே கொண்டு வர முடியுமான்னு கோயம்புத்தூர்ல ஒரு ஆளுகிட்ட காட்டச் சொல்லிருக்காரு. டூமும் டைகர் லைட்டும் தேடிட்டு இருக்கேன்.

சென்னை பக்கம் புல்லட் ரெஸ்டோர் பண்றவங்க யாராவது இத படிச்சா ஒரு ஹெல்ப். 350 பிளாக், இடது பக்கம் மேல இருந்து மூணாவது ஃபின்ல ரெண்டு விரல் அகலம் இருக்காது, உடைஞ்ச முனை கூர்மையா இருக்காது, அரம் போட்டு மழுக்கிருக்கும். உங்க வண்டியில மாட்டி ஓடிட்டு இருந்தா கூட பரவால்ல, எங்க வாங்குனீங்கன்னு மட்டும் சொல்லுங்க, என்ன விலைன்னாலும் நான் வாங்கிக்கறேன். மாமாகிட்ட இன்னும் சொல்லல.